பாலிடெக்னிக்கில் படித்த ஃபிளெமிங்கும் ஒரு சிட்டிகைக் கருப்புத் தூளும்

(மூன்றாமாண்டு கெமிக்கல் பிரிவு மாணவன்)



நம் பேரவை மலரில் வருஷா வருஷம் ஒரு அறிஞரின் வாழ்க்கை வரலாறு வரும். கலாம் வந்தாச்சு, ராமானுஜன் வந்தாச்சு, எடிசன் இரண்டு தடவை வந்தாச்சு. இந்த ஆண்டு எங்கள் கெமிக்கல் பிரிவின் முறை. நான் எடுத்துக்கொண்டவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலின் கண்டுபிடித்தவர், பள்ளிக்கூடத்திலேயே படித்தாச்சே என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த தட்டோடு பாடப்புத்தகம் நின்றுவிடுகிறது. அந்த மருந்து நம் உடம்புக்குள் போய், வேலை முடிந்து, எங்கே போகிறது என்பது அதில் கிடையாது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஏன் என்று நடுவில் சொல்கிறேன்.

ஃபிளெமிங் பிறந்தது 1881 ஆகஸ்ட் 6 அன்று, ஸ்காட்லாந்தில் டார்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு நிலப் பண்ணை வீட்டில். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. அப்பா விவசாயி. பிள்ளைக்கு ஏழு வயசாகும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் மூத்த அண்ணனும் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள். குளிரிலும் மழையிலும் மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போன பையன். 13 வயசில் லண்டனுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் எங்கே படித்தார் தெரியுமா? ரீஜன்ட் தெருவில் இருந்த பாலிடெக்னிக்கில்! ஆமாம் நண்பர்களே, நம்ம ஆள்தான். (அந்தப் பாலிடெக்னிக் பின்னாளில் வளர்ந்து 1992-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது.) படிப்பு முடிந்ததும் டாக்டர் வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. ஒரு கப்பல் கம்பெனியில் நாலு வருஷம் குமாஸ்தா. பிறகு சித்தப்பா முறையுள்ள ஒருவர் இறந்து அவர் சொத்தில் கொஞ்சம் பணம் பங்காக வந்தது. டாக்டராக இருந்த அண்ணன் டாம், நீயும் மருத்துவம் படியேன் என்று தள்ளிவிட்டார். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1906-ல் பட்டம் வாங்கினார். லண்டனில் எத்தனையோ மருத்துவக் கல்லூரிகள் இருக்க, அதில் ஏன் சேர்ந்தார்? அந்தக் கல்லூரி அணியோடு வாட்டர் போலோ விளையாடியிருக்கிறார், அதனால் பெயர் தெரியும், அவ்வளவுதான். கவுன்சிலிங்கில் நாம் பிரிவு தேர்ந்தெடுத்த லட்சணத்துக்கு இது ஒன்றும் மோசமில்லை.

படிப்பு முடித்து வேறு இடம் போக வேண்டியவரை, துப்பாக்கி சுடும் கிளப்பில் நல்ல ஆள் போய்விடக் கூடாது என்பதற்காக, அதே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆல்ம்ராத் ரைட் என்ற பெரியவர் நடத்திய கூடம் அது. கடைசி வரைக்கும் ஃபிளெமிங் செயின்ட் மேரீஸை விட்டுப் போகவில்லை.

முதல் உலகப் போரில் பிரான்சில் உள்ள பூலோன் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். காயம் பட்டு வந்த சிப்பாய்கள் குண்டால் செத்ததைவிடச் சீழ் பிடித்துச் சாவதைத்தான் அங்கே கண்ணால் பார்த்தார். காயத்தில் ஊற்றிய கிருமிநாசினிகள் மேலாக இருக்கும் கிருமிகளைத்தான் கொன்றன. ஆழத்தில் உள்ள இண்டு இடுக்குகளுக்குள் அவை போய்ச் சேரவேயில்லை. போதாததற்கு, கிருமியோடு சண்டை போடும் நம்முடைய வெள்ளை அணுக்களையும் சேர்த்துக் கொன்றன. ஒரு கண்ணாடிக் குழாயில் முள் முள்ளாக இழுத்துவிட்டு, செயற்கைக் காயம் மாதிரி செய்து இதை நிரூபித்தார் ஃபிளெமிங். பெரிய கருவி எதுவும் இல்லை. கையில் கிடைத்த கண்ணாடியும் பர்னரும்தான்.

போர் முடிந்து லேபுக்குத் திரும்பியவர், 1922-ல் தன் சொந்த மூக்குச் சளியிலிருந்து லைசோசைம் என்ற பொருளைக் கண்டு வெளியிட்டார். கண்ணீரிலும் அது இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கண்ணீர் வரவழைத்துச் சேகரித்தார்களாம்! கிருமியைக் கரைக்கும் பொருள்தான், ஆனால் ஆளைக் கொல்லும் கிருமிகளிடம் அது பெரிதாக எடுபடவில்லை.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1928 செப்டம்பர் 3. விடுமுறை முடிந்து வந்தார். மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போன தட்டுகளில் ஒன்றில் பூஞ்சை. பூஞ்சையைச் சுற்றி இருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக் கூட்டம் கரைந்து போயிருந்தது. பூஞ்சையை வளர்த்து, வடிகட்டிய சாற்றை 800 மடங்கு நீர்த்துப் பார்த்தபோதும் அது கிருமியை வளரவிடவில்லை. பென்சிலின் என்று பெயர் வைத்து 1929-ல் கட்டுரை எழுதினார்.

பிறகு? அவ்வளவுதான்! பத்து வருஷத்துக்கு மேல் அது மருந்தாகவே ஆகவில்லை. ஏன் என்பது நம் பிரிவுப் பையன்களுக்குப் புரியும். சாற்றில் ஆயிரம் பொருள் கலந்து கிடக்கிறது. அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஃபிளெமிங்கின் இரண்டு இளம் உதவியாளர்கள் முயன்று பார்த்தார்கள். சூடு பட்டால் கெடுகிறது, அமிலம் கூடினால் கெடுகிறது, சும்மா வைத்தாலும் கெடுகிறது. ஃபிளெமிங் கெமிஸ்ட் இல்லை. அவர் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஸ் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் அரியர் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிரித்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

அதைச் செய்து முடித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார்கள். ஃபுளோரி, செயின், இவர்களோடு ஹீட்லி. நோபல் பரிசில் ஹீட்லியின் பெயர் இல்லை, ஆனால் எனக்குப் பிடித்தவர் அவர்தான். பென்சிலின் சாற்றைக் குளிர வைத்து அமிலமாக்கினால் அது தண்ணீரை விட்டுக் கரைப்பானுக்குள் போகும். அந்தக் கரைப்பானோடு லேசான காரத் தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கினால் திரும்பவும் தண்ணீருக்கே வந்துவிடும். இப்படிப் போக்குவரத்து நடத்திச் சுத்தம் செய்தார். போர்க்காலம், பாத்திரம் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுக்கை நோயாளிக்கு வைக்கும் பெட்பேன் மாதிரியே பீங்கானில் நூற்றுக்கணக்கான பாத்திரம் செய்து வாங்கி, அதில்தான் பூஞ்சை வளர்த்தார்கள். 1940 மே 25-ல் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தினார்கள். மருந்து போட்ட நாலு பிழைத்தன. போடாத நாலும் விடிவதற்குள் செத்தன.

1941 பிப்ரவரி 12. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரர். முகமெல்லாம் சீழ், ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஒரே நாளில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் உலகத்திலேயே இருந்த மருந்து அவ்வளவுதான், தீர்ந்துகொண்டே வந்தது. அப்போது அந்த ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், அவருடைய சிறுநீரைப் பிடித்து வைத்து, லேபுக்குக் கொண்டு போய், அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே ஊசி போட்டார்கள்! ஏனென்றால் பென்சிலினில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மாறாமல் அப்படியே சிறுநீரில் வந்துவிடும். ஆனாலும் போதவில்லை. மார்ச் 15-ல் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் அமெரிக்காவில் கருச்சிதைவுக்குப் பின் வந்த காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் பென்சிலினால் பிழைத்தார். அவருடைய சிறுநீரும் வீணாகவில்லை, அதிலிருந்தும் மருந்தை மீட்டார்கள்.

இந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். மருந்து பொன்னாக இருந்தபோது மனுஷன் மூத்திரத்திலிருந்துகூடத் தேடி எடுத்தார்கள். இப்போது?

இப்போது தெருமுனை மெடிக்கல் கடையில் சீட்டே இல்லாமல் ரெண்டு மாத்திரை வெட்டித் தருகிறார்கள். இன்று நாம் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்ஸசின் மாத்திரையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, அமாக்ஸிசிலினில் பாதிக்கு மேலேயே, மாறாமல் சிறுநீரில் போய்விடுகிறது. 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரை ஒன்று போட்டால் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் கழிவறைக்கு. அங்கிருந்து சாக்கடை, ஏரி, ஆறு.

ஃபிளெமிங் கதைக்கு வருகிறேன். போரின் நடுவில் அமெரிக்காவில் தொழிற்சாலை அளவில் பென்சிலின் செய்தார்கள். ஆரம்ப காலத்தில் சாற்றிலிருந்து மருந்தைப் பிடிக்கக் கரித்தூளைப் போட்டார்கள். தூளின் மேல் மருந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைப்பானால் கழுவி எடுத்துக்கொள்வார்கள். நாம் படிக்கும் அட்சார்ப்ஷன், அதாவது பரப்புக் கவர்தல்தான். பஞ்சு தண்ணீரை உள்ளே உறிஞ்சுவது மாதிரி இல்லை இது. பரப்பின் மேல் மட்டும் ஒட்டிக்கொள்வது.

1944-ல் சர் பட்டம், 1945-ல் ஃபுளோரி, செயினோடு நோபல் பரிசு. டிசம்பர் மாதம் ஸ்டாக்ஹோமில் பேசியபோது ஃபிளெமிங் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகவே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகும் அளவுக்கு இல்லை, கிருமி பழகிக்கொள்ளும் அளவுக்கு மட்டும். அதே கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. இப்போது டாக்டர் பென்சிலின் போட்டும் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். கொல்லப் போதாத அளவில் மருந்தைக் காட்டினால் கிருமியை மருந்துக்கு மசியாததாக ஆக்குவது லேபில் ஒன்றும் கஷ்டமில்லை என்று அவர் விளக்கினார். பரிசு வாங்குகிற மேடையிலேயே தன் சரக்கின் குறையைச் சொன்ன மனுஷர்! பென்சிலினை உடைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை 1940 டிசம்பரிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஏப்ரஹாமும் செயினும் எழுதியிருந்தார்கள். அப்போது ஒரு நோயாளிக்குக்கூட அவர்கள் மருந்து போட ஆரம்பிக்கவில்லை.

கொல்லப் போதாத அளவு. சாக்கடையில் இருப்பது அதுதானே?

இப்போது என் விஷயம். என் அப்பா லோடுமேன். நான் இரண்டாமாண்டு படிக்கும்போது தகரம் வெட்டிக் காலில் காயம். இரண்டு மாசம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சீழை எடுத்து கல்ச்சர் டெஸ்ட் எடுத்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். மருந்துப் பெயர் வரிசையாக இருந்தது, எதிரே ஆர், ஆர், ஆர் என்று போட்டிருந்தது. ஆர் என்றால் அந்தக் கிருமி அந்த மருந்துக்குச் சாகாது. கீழே இரண்டே இரண்டு எஸ். அந்த ஊசிக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்பா கால் ஆறிவிட்டது, இப்போது மூட்டை தூக்குகிறார். அந்தக் கிருமி எங்கே பழகியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலா, இன்னொருத்தர் உடம்பிலா, எங்கள் தெரு வாய்க்காலிலா! ஆனால் அந்த ஆர் எழுத்துகளைப் பார்த்த பிறகு எனக்கு ஃபிளெமிங் வேறு மாதிரி தெரிந்தார்.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செரு என்று ஓர் ஊர், மருந்துக் கம்பெனிகள் நிறைந்த இடம். சுமார் 90 கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையம் அங்கே இருந்தது. அது சுத்தம் செய்து வெளியே விட்ட தண்ணீரை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் சிப்ரோஃப்ளாக்ஸசின் மட்டும் 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 லிட்டர் பக்கெட் தண்ணீரில் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கரைத்த அளவு! மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். சாதாரண ஊர்ச் சாக்கடையில் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கிருமி பழக அதுவே போதலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று சுத்தம் செய்வதே பாக்டீரியாதான். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை அந்தத் தொட்டிக்குள்ளேயே விட்டால், பழகிக்கொண்டது பிழைத்துப் பெருகும்.

(இதில் ஃபிளெமிங்கின் பென்சிலின் நிரபராதி. அதன் வளையம் தண்ணீரில் சீக்கிரம் உடைந்துவிடும். சிப்ரோ, டெட்ராசைக்ளின் போன்றவைதான் உடையாமல் நாள்கணக்கில் கிடப்பவை.)

இதைப் பிடிக்க மறுபடியும் கரித்தூள்தான் நல்ல வழி. ஆனால் ஒரு தொல்லை. தூள் நைசாக இருந்தால்தான் பரப்பு அதிகம், சீக்கிரம் ஒட்டும். நைசான தூளோ தண்ணீரில் படியாமல் மிதக்கும், ஃபில்டரை அடைக்கும். போட்ட தூளை எப்படித் திரும்ப எடுப்பது? அதற்குத்தான் காந்தம். மேக்னடைட் என்ற கருப்பு இரும்பு ஆக்சைடைக் கரித்தூளின் மேலேயே வளர்த்துவிடுகிறார்கள். தண்ணீரில் போட்டுக் கலக்கி, மருந்து ஒட்டியதும் வெளியே காந்தத்தை வைத்தால் தூள் முழுவதும் ஒரு பக்கமாக ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், தெளிந்த தண்ணீரை ஊற்றி எடுக்கலாம். மேக்னடைட் துகள் 20 நானோமீட்டருக்கும் கீழே இருந்தால் இன்னொரு வசதி. காந்தத்தை எடுத்ததும் துகளின் காந்தத்தன்மையும் போய்விடும். கட்டியாகாமல் மறுபடி கலக்கலாம்.

எங்கள் புராஜெக்டுக்கு இதையே செய்தோம். தேங்காய்ச் சிரட்டைக் கரி, ஃபெரஸ் உப்பு ஒரு பங்கு, ஃபெரிக் உப்பு இரண்டு பங்கு. வெந்நீர்ச் சூட்டில் கலக்கிக்கொண்டே காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் பழுப்புக் கரைசல் ஒரு நொடியில் மையாகக் கருத்தது. லேபில் இருந்த எல்லோரும் ஓவென்று கத்தினோம். சோதனைக்கு டெட்ராசைக்ளினை எடுத்தோம். காரணம், அதன் கரைசல் மஞ்சள், நிறம் குறைவது கண்ணுக்கே தெரியும். டெட்ராசைக்ளினைப் பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சாப்பிடக் கூடாது என்பார்களே, எதனால்? கால்சியத்தையும் இரும்பையும் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது. அதே குணம் இங்கே நமக்கு லாபம். கரியும் பிடிக்கிறது, மேக்னடைட்டில் உள்ள இரும்பும் பிடிக்கிறது.

பி.ஹெச். பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். பி.ஹெச். மாறினால் மருந்தின் மின்சுமையும் மாறும், தூளின் மின்சுமையும் மாறும். இரண்டும் ஒரே சுமையானால் ஒன்றையொன்று தள்ளும். அமிலம் கூடினால் மேக்னடைட்டே கரைய ஆரம்பிக்கும். அதனால் தூளை மறுபடி பயன்படுத்த நீர்த்த காரத்தில் கழுவுகிறார்கள். ஹீட்லி காரத் தண்ணீரை வைத்து மருந்தைத் திரும்ப வாங்கியது ஞாபகம் வருகிறதா? கழுவக் கழுவத் தூளின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரும்பைக் கூட்டிப் போட்டால் காந்தம் நன்றாக இழுக்கும், ஆனால் கரியின் பரப்பு குறைந்து மருந்து குறைவாக ஒட்டும். எல்லாம் கிடைக்காது.

குழாய்த் தண்ணீரில் மஞ்சள் நிறம் வேகமாக வெளுத்தது. ஹாஸ்டல் பின்னாடி வாய்க்கால் தண்ணீரை வடிகட்டி அதில் மருந்தைக் கலந்து பார்த்தபோது அவ்வளவு இறங்கவில்லை. சோப்பு, அழுக்கு, எண்ணெய் எல்லாம் தூளில் இடம் பிடித்துக்கொள்கின்றன. உலகத்தில் இதைப் பற்றி வரும் ஆராய்ச்சிகளில் பாதிக்கு மேல் சுத்தமான தண்ணீரில் செய்தவையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாய்க்காலில் செய்து பார்த்தால்தானே தெரியும்!

ஃபிளெமிங்கின் கடைசி வருஷங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாடு நாடாகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பென்சிலினுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. முதல் மனைவி சாரா 1949-ல் இறந்தார். 1953-ல் தன் கூடத்தில் ஆராய்ச்சி செய்த கிரேக்கப் பெண் டாக்டர் அமாலியாவை மணந்தார். 1955 மார்ச் 11 அன்று லண்டனில் மாரடைப்பில் காலமானார். அஸ்தி செயின்ட் பால் பேராலயத்தில் இருக்கிறது. மாட்ரிட் நகரத்துக் காளைச் சண்டை மைதானத்தின் வாசலில் அவருக்குச் சிலை உண்டு. மாடு குத்திச் சீழ் பிடித்துச் சாகாமல் பிழைத்த வீரர்களின் நன்றி அது.

அடுத்த பேட்ச் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். எங்கள் தூளில் மீதி, யூனிட் ஆபரேஷன்ஸ் லேபில் ஜன்னல் பக்க அலமாரியில் வெள்ளை மூடி டப்பாவில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தலாம். பக்கத்தில் சிவப்பு மூடி டப்பா, டெட்ராசைக்ளின் ஒட்டிய பழைய தூளும், அதைக் கழுவிய தண்ணீரும். மருந்து அதில் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதிகச் சூட்டில் எரிக்கத்தான் வேண்டும், அதற்கு நம்மிடம் உலை இல்லை. எனவே அதைத் திறக்கவோ, சிங்க்கில் கொட்டவோ வேண்டாம். உங்கள் புராஜெக்டில் அதற்கு ஒரு வழி செய்ய முடிந்தால் செய்யுங்கள். காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, பஸ் ஸ்டாண்டு மைக் செட் கடை அண்ணனுடையது. வேலை முடிந்ததும் அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.